ஆயா வீட்டுக்குள் 12 நரம்புகள்

பிசியோதெரபி முதலாண்டில் மூளை நரம்புகள் பன்னிரண்டும் என் தலையில் நிற்கவே இல்லை. பெயர் வரும், வரிசை வராது. தெரிந்த இடங்களில் படங்களை வைத்து நினைவுகொள்ளும் முறை ஒன்று உண்டு. கிரேக்கக் கவிஞர் சிமோனிடீஸ் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். கேட்டதும் கானாடுகாத்தானில் ஆயா (பாட்டி) வீடுதான் ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டே நடப்பேன் அங்கே.

முதல் முயற்சி சொதப்பல். வளவை (வீட்டு நடு முற்றத்தை)ச் சுற்றித் தூணுக்கு ஒரு நரம்பு என்று வைத்தேன். தேக்குத் தூண்கள் எல்லாம் ஒரே அச்சு. எதில் எது என்று குழம்பியது. சரி என்று, சாயல் இல்லாத இடங்களாகப் பார்த்து, வாசலிலிருந்து கொல்லை வரை நடக்கும் வரிசையில் மாற்றினேன்.

வாசல் நிலையில் மல்லிகைச் சரம்: முதல் நரம்பு, மோப்பம். திண்ணையில் ஆயாவின் கண்ணாடி: பார்வை. கண்ணை அசைக்கும் நான்காவது நரம்பு டிராக்லியர்தான் ரொம்பப் படுத்தியது. டிராக்லியா என்றால் லத்தீனில் கப்பி என்று தெரிந்ததும், கிணற்றுக் கப்பியைக் கழற்றி வந்து வளவு நடுவே தொங்கவிட்டேன். வாளிக்குப் பதில் ஒரு பெரிய கண் கிறீச்சிட்டுக்கொண்டு ஏறி இறங்கும். அசிங்கமான படம்தான், ஆனால் மறக்காது. பத்தாவது வேகஸ் மூளையிலிருந்து கழுத்து வழியாக வயிறு வரை அலைவது. அதை அடுப்படிப் பூனைக்குக் கொடுத்தேன்.

என்ன வேலை செய்கிறது என்று புரியாத நரம்புக்கு மட்டும் படம் ஒட்டவில்லை. அப்போது புத்தகம்தான்.

வாய்மொழித் தேர்வில் பன்னிரண்டையும் வரிசையாகச் சொன்னேன். ஆயாவிடம் பெருமையாக விளக்கினால், “கழட்டுன கப்பிய திரும்ப மாட்டிட்டியாடி?” என்றார்.