மூச்சு வாங்கியதற்குக் காரணம் வேறு

பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் வாரம் நாலு நாள் ஓடுகிறவள் நான். வயது 24. ஐந்து கிலோமீட்டருக்கு 31 நிமிடம் ஆனது, மெல்ல 35க்குப் போய்விட்டது. இரண்டாவது கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கும், தொடை கனக்கும். ஜிம்மில் சொன்னார்கள் என்று புரோட்டீன் பவுடர், கிரியேட்டின் எல்லாம் வாங்கி அடுக்கினேன். கிரியேட்டின் பளு தூக்கவும் குறுகிய வேக ஓட்டத்துக்கும்தான் கைகொடுக்கும், நீண்ட ஓட்டத்துக்கு அவ்வளவாக இல்லை என்பது காசு போன பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் ரத்தப் பரிசோதனை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் 10.4. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 7. ஆக்சிஜனைத் தசைக்குச் சுமந்து போக ஆளே இல்லை, பவுடர் என்ன செய்யும்?

டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். ஒரு மாதம் ஆகியும் எண் அசையவில்லை. "எதோடம்மா போடுறீங்க?" என்று கேட்டார். காலை டீயோடு! டீயில் உள்ள டானின் இரும்பை உடம்பு உறிஞ்ச விடாதாம். அன்றிலிருந்து வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறோடு மாத்திரை, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் டீ. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் போதும் என்றார், வயிற்றுப் புரட்டலும் அடங்கியது. (மலம் கறுப்பாகப் போகும், நான் முதலில் பயந்தே போனேன்.) பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை போடாதீர்கள், அதிகமானால் அதுவும் கெடுதல்தான்.

மூன்றாம் மாதம் ஹீமோகுளோபின் 12.3. ஓட்டம் 30 நிமிடம் 40 விநாடி. கிரியேட்டின் டப்பாவில் இப்போது அம்மா உளுத்தம்பருப்பு போட்டு வைத்திருக்கிறார்.