கேரவனில் ராத்தங்குகிறவர்களுக்கு

சினிமா யூனிட்டுக்குக் கேரவன் ஓட்டுவது என் தொழில். சாலிகிராமத்திலிருந்து பொள்ளாச்சிக்கோ காரைக்குடிக்கோ அவுட்டோர் என்றால் வண்டி முந்தின நாளே கிளம்பிவிடும். நடிகர்கள் ஃப்ளைட்டில் போய்விடுவார்கள். நானும் கிளீனரும் ரோட்டில் போவோம், வழியில் எங்காவது நிறுத்தி வண்டியிலேயே தூங்குவோம். இப்போது ஷூட்டிங் இல்லாத நாட்களில் இதே மாதிரி வண்டிகளைக் குடும்பங்கள் வாடகைக்கு எடுக்கின்றன. ராமேஸ்வரம், திருச்செந்தூர், கொடைக்கானல் என்று தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகளோடு கிளம்பிவிடுகிறார்கள். சிலர் பழைய டெம்போ டிராவலரை வாங்கிப் படுக்கை, அடுப்பு எல்லாம் தாங்களே பொருத்திக்கொள்கிறார்கள். எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, ராத்திரி ரோட்டோரம் நிறுத்தினா திருட்டு பயம் இருக்காதா?"

இருக்கும். ஆனால் திருடனை நான் நாலாவதாகத்தான் வைப்பேன். முதலில் புகை, அடுத்து பின்னால் வரும் லாரி, அதற்கடுத்து தீ. இந்த மூன்றுக்கும் வழி செய்துவிட்டுத் திருடனைப் பற்றிக் கவலைப்படலாம்.

புகை

2024 டிசம்பரில் கேரளாவில் வடகரைப் பக்கம் சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் ஓட்டுநரும் கூட வந்தவரும் இறந்து கிடந்தார்கள். அடிதடி இல்லை, திருட்டு இல்லை. ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை, தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியிருக்கிறது. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓட விட்டுப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் அந்தச் செய்தியை நின்று படித்தோம்.

புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வரும். தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது, எழுந்திருக்கவே மாட்டார். அதனால் என் வண்டியில் ஒரே சட்டம்: ஆள் தூங்கினால் ஜெனரேட்டரும் இன்ஜினும் நிற்க வேண்டும். "ஒரு மணி நேரம் மட்டும் ஓடட்டும், அப்புறம் ஆஃப் பண்ணிக்கலாம்" என்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஆஃப் பண்ண வேண்டியவரே தூங்கிப்போவார்.

வாடகை வண்டியோ சொந்த வண்டியோ, பயணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் இரண்டு சோதனை செய்யுங்கள். இருட்டத் தொடங்கியதும் உள்விளக்கை எல்லாம் அணைத்து, திரையை இழுத்துவிட்டு ஒருவர் உள்ளே இருக்க, இன்னொருவர் பெரிய டார்ச்சோடு வண்டிக்கு அடியில் தளம் முழுக்க வெளிச்சம் அடித்துக்கொண்டே போகட்டும். கட்டிலுக்கு அடியில், வாஷ்பேசின் குழாய் இறங்கும் இடத்தில், பேட்டரி ஒயர் ஏறும் இடத்தில், சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தாலும் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். அத்தனை ஓட்டையையும் அடைத்தாக வேண்டும்.

அடுத்தது மீட்டர். கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று தனியாகக் கிடைக்கிறது, ஆன்லைனில் வாங்கலாம். எண் காட்டுகிற மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள். புகை அலாரம் வேறு, இது வேறு. புகை அலாரம் இந்த வாயுவைக் கண்டுகொள்ளாது. மீட்டரைப் படுக்கையில் வைத்து, ஜெனரேட்டரைப் போட்டு, கதவைச் சாத்தி, எல்லாரும் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பாருங்கள். அரை மணி நேரம் ஆனாலும் பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும். ஏறினால் அந்த வண்டியை எடுக்காதீர்கள். அப்புறம் அதே மீட்டரைத் தூங்கும்போது தலை இருக்கும் உயரத்தில் மாட்டிவிடுங்கள். இரவில் அது கத்தினால் ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. எல்லாரையும் எழுப்பி வெளியே கொண்டுபோய்விட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும்.

அப்படியானால் வெக்கைக்கு என்ன செய்வது? கடைசி ஒரு மணி நேர ஓட்டத்தில் ஏசியை முழுசாக வைத்து வண்டியைக் குளிர வையுங்கள். ஓடும்போதே பேட்டரி சார்ஜ் ஏறிவிடும். நின்ற பிறகு 12 வோல்ட் ஃபேன், கூரையில் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஒன்று, எதிரெதிர் ஜன்னலில் கொசுவலை. கொசுவத்திச் சுருள் வேண்டாம், அதுவும் அடைத்த வண்டிக்குள் புகைதான். சித்திரை, வைகாசியில் இதெல்லாம் போதாது. குழந்தையும் பெரியவர்களும் இருந்தால் அந்த மாதங்களில் லாட்ஜில் ரூம் போட்டுவிடுங்கள், அல்லது லாட்ஜ் வளாகத்தில் நிறுத்திக் கரண்ட் கேளுங்கள். வெளியிலிருந்து கரண்ட் எடுத்தால் 15 ஆம்பியர் பிளக், எர்த் உள்ள ஒயர். மாட்டியதும் யாரும் ஏறுவதற்கு முன்னால், செருப்புக் காலோடு நின்று படிக்கட்டுக் கைப்பிடியில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் உடனே சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். எர்த் வேலை செய்யவில்லை என்றால், வண்டி ரப்பர் டயரில் நிற்பதால் பாடியில் கசியும் கரண்டுக்குப் பூமிக்குள் இறங்க வேறு வழி இல்லை. ஈரக் காலோடு கைப்பிடியைத் தொடும் ஆளின் வழியாகத்தான் இறங்கும்.

கொடைக்கானல், ஊட்டி போகிறவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி கரி அடுப்பில் கறி சுட்டுவிட்டு, குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அந்த அடுப்பை உள்ளே தூக்கி வைப்பார்கள். சாம்பல் பூத்துக் கிடக்கும் கரியும் அதே வாயுவைத்தான் விட்டுக்கொண்டிருக்கும். அடுப்பு வெளியிலேயே இருக்கட்டும். உள்ளே இன்னும் இரண்டு கம்பளி போதும். மலையில் ஏறிப் பேட்டரி தீர்ந்தாலும் இன்ஜினைப் போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது.

எங்கே நிறுத்துவது

நெடுஞ்சாலையின் ஓரத்தில், வெள்ளைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இடம் இருக்கிறதே என்று எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள். விடியற்காலை 2 மணியிலிருந்து 5 மணி வரை விழித்து ஓட்டுகிறவருக்கும் கண் சொக்கும். அந்த நேரத்தில் முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்தால், அது போகிற வண்டி என்று மூளை நினைத்துக்கொள்ளும். அதன் பின்னாலேயே நேராக வந்து மோதிவிடுவார்கள். நின்ற லாரியில் ஆம்னி பஸ் மோதியது என்று காலையில் பேப்பரில் படிக்கிறோமே, அதில் பல இப்படித்தான் நடந்திருக்கும். ஆபத்தான இடத்தில் வண்டியை விட்டுவைப்பது மோட்டார் வாகனச் சட்டம் 122-ஆவது பிரிவின்படி குற்றமும்கூட.

வண்டி பழுதாகி ஓரத்தில் நின்றுவிட்டால் தூக்கம் என்ற பேச்சே கிடையாது. நாலு இண்டிகேட்டர் விளக்கையும் போட்டு, எச்சரிக்கை முக்கோணத்தை நன்றாகப் பின்னால் கொண்டுபோய் வைத்து, குழந்தைகளோடு எல்லாரும் இறங்கி இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033-க்கு அடித்தால் ரோந்து வண்டியோ கிரேனோ அனுப்புவார்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பார்கள். மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கல்லைப் பார்த்துக் கல்லில் இருக்கும் ஊர், எண், நீங்கள் போகும் திசை மூன்றையும் சொல்லுங்கள்.

ராத்திரி 9 மணிக்குள் இடம் பிடித்துவிடுங்கள். தூக்கம் வந்த பிறகு இடம் தேடினால் கிடைத்த இடமே நல்ல இடமாகத் தெரியும். சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போனால் நான் விரும்புவது கோயில் பார்க்கிங். மேல்மருவத்தூரும் சமயபுரமும் நடு ராத்திரியிலும் ஆள் நடமாட்டம் உள்ள இடங்கள். குடும்பங்கள் வந்துகொண்டே இருக்கும், டீ கிடைக்கும், கழிவறை இருக்கும். காவலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படுங்கள். கோயில் இல்லாத இடத்தில் டோல்கேட்டை ஒட்டி லாரி நிற்கும் இடம், இல்லையென்றால் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் பெட்ரோல் பங்க்.

பங்க்கில் டீசல் போட்டுக்கொண்டே மேனேஜரைக் கேளுங்கள்: "சார், ஃபேமிலியோட வந்திருக்கோம், காலைல 5 மணி வரைக்கும் ஓரமா நிறுத்திக்கலாமா? ராத்திரி பங்க் மூடிடுவீங்களா?" சில பங்க்குகள் 11 மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடும். அப்புறம் அது வெறும் இருட்டு மைதானம்தான். டேங்கர் வந்து எண்ணெய் இறக்கும் மூடிகள் தரையில் எங்கே இருக்கின்றன என்று கேட்டு, அங்கிருந்து தள்ளி நில்லுங்கள். பங்க்குக்குள் அடுப்பு பற்றவைக்கக் கூடாது, ஜெனரேட்டர் போடக் கூடாது. சாப்பாட்டை வழியிலேயே முடித்துவிட்டு வாருங்கள்.

லாரிகளோடு நிற்பது நல்லதுதான். ஆனால் பக்கத்து வண்டி என்ன வண்டி என்று பாருங்கள். மீன், பால் ஏற்றும் குளிர்சாதன லாரியின் மெஷின் விடிய விடிய ஓடும், அந்தப் புகை உங்கள் ஜன்னலுக்குத்தான் வரும். கேஸ் ஏற்றிய புல்லட் டேங்கர் நின்றால் அந்த இடமே வேண்டாம். லாரிக்கு நேர் பின்னால் நிறுத்தவும் கூடாது. விடிகாலை 3 மணிக்கு அவர் ரிவர்ஸ் எடுக்கும்போது உங்கள் வண்டி அவர் கண்ணாடியில் தெரியாது.

தொப்பூர் மாதிரி இறக்கத்தில் எங்குமே நிறுத்த வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிக்கரைக்குக் கீழே, ஓடை மணலில், பழைய புளியமரத்தடியில் நிறுத்தாதீர்கள். ஈ.சி.ஆரில் தென்னந்தோப்பு அழகாகத்தான் இருக்கும். தேங்காயோ மட்டையோ விழுந்தால் கூரை ஃபேன் போய்விடும், வெளியே நின்றால் மண்டை போய்விடும்.

படுப்பதற்கு முன்

வண்டியின் மூஞ்சி ரோட்டைப் பார்த்து இருக்க வேண்டும். டீசல் டேங்க் மூடி உள்ள பக்கம் சுவரை ஒட்டி இருந்தால் நல்லது. ஹேண்ட்பிரேக், கியர், சக்கரத்துக்குக் கட்டை. ஓட்டுநர் சீட்டில் பையோ துணியோ இருக்கக் கூடாது. சாவி எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும். வண்டியைக் கிளப்ப வேண்டியிருந்தால் உள்ளேயே நடந்து போய் உட்கார்ந்து கிளப்ப முடிகிறதா என்று ஒரு தடவை செய்து பாருங்கள்.

எங்கள் தொழிலில் இருக்கும் ஒரு பழக்கத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். உள்ளே ஆள் தூங்கும்போது பாதுகாப்பு என்று வெளியே பூட்டுப் போட்டுவிட்டு ஓட்டுநர் கேபினில் படுப்பார். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். தீப்பிடித்தால் பூட்டுச் சாவியைத் தேட நேரம் இருக்காது. கதவு உள்ளேயிருந்து பூட்ட வேண்டும், உள்ளேயிருந்தே ஒரு கையால் திறக்க வேண்டும். இரண்டாவது வழியாக எந்த ஜன்னல் திறக்கும் என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் காட்டி வையுங்கள். கண்ணாடி உடைக்கும் சுத்தியல் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

சமையல் முடிந்ததும் அடுப்புத் திருகை மட்டும் மூடினால் போதாது, சிலிண்டரில் ரெகுலேட்டரையும் மூடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும், கட்டிலில் இருப்பவர் மூக்குக்கு எட்டுவதற்குள் கீழே நிறைந்துவிடும். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் கதவைத் திறந்து இறங்குங்கள். தீயணைப்பானைக் கட்டிலுக்கு அடியில் செருகாமல் கதவருகில் மாட்டுங்கள்.

யாராவது தட்டினால்

கதவைத் திறக்காதீர்கள். வெளிவிளக்கைப் போட்டு, ஜன்னல் வழியாகப் பேசுங்கள். "டயர்ல காத்து இல்ல", "ஆயில் ஒழுகுது", "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று எது சொன்னாலும் "சரிங்க, பாத்துக்கிறோம்" என்று பதில் சொல்லிவிட்டு இருந்துவிடுங்கள். திரும்பத் திரும்பத் தட்டினால் ஹாரன் அடித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பி வெளிச்சமுள்ள இடத்துக்குப் போய் 112-க்கு அடியுங்கள். கீழே இறங்கிச் சண்டை போடுகிற வேலையே வேண்டாம். ரோந்து போலீஸ் தட்டினால் மரியாதையாகப் பேசுங்கள். எந்த ஸ்டேஷன் என்று கேட்கலாம், தப்பில்லை. ஆர்.சி., லைசென்ஸ், வாடகைச் சீட்டு மூன்றையும் முன்னாலேயே எடுத்து வைத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் போய்விடுவார்கள். அவர்களே "இங்க வேணாம், முன்னாடி போய் நிறுத்துங்க" என்றால் வாதம் செய்யாமல் போங்கள். அந்த இடத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது.

எங்கே தூங்குகிறீர்கள் என்பதை வீட்டில் ஒருவருக்கு லொகேஷன் அனுப்பிவையுங்கள். ஸ்டேட்டஸில் போடுவதாக இருந்தால் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிய பிறகு போடுங்கள்.

காலையில் கிளம்பும்போது குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள், தெருநாய் படுத்திருக்கும். கட்டையை எடுத்து உள்ளே வையுங்கள். கட்டைக்குப் பதிலாகக் கல்லை வைத்திருந்தால், கிளம்புகிற அவசரத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போகாமல் தூக்கிச் சுவரோரம் போட்டுவிடுங்கள். இருட்டில் அந்தக் கல்லில் ஏறுவது பால் கேனோடு பைக்கில் வருகிற ஒருவராக இருப்பார்.