சிஸியின் நட்சத்திரக் கொண்டை: முதல் முறை போடுகிறவர்களுக்கு

வின்டர்ஹால்டர் 1865-இல் வரைந்த ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தின் ஓவியத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். வெள்ளை கவுன், பின்னலில் மின்னும் வைர நட்சத்திரங்கள். குடும்பத்தார் அவரை சிஸி என்று அழைத்தார்கள். 1837-இல் மியூனிக்கில் பிறந்து, 16 வயதில் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப்பை மணந்தவர்.

அந்தப் படத்தை நிதானமாகப் பாருங்கள். தலையில் கிரீடம் இல்லை, கழுத்தில் நகை இல்லை. பேரரசியிடம் இரண்டுக்கும் பஞ்சமா என்ன? கூந்தல் கண்ணில் படட்டும் என்றுதான் தோளைத் திருப்பி, முகத்தை மட்டும் நம் பக்கம் காட்டி நிற்கிறார். அவருடைய அழகுணர்வில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நாமும் கூந்தலை வைத்தே இதைச் செய்யப் போகிறோம்.

தேவையானவை: அகலப் பல் சீப்பு, 3 ரப்பர் பேண்டுகள், 10 கொண்டை ஊசிகள், சில ஹேர்பின்கள், கல் பதித்த நட்சத்திர ஊசிகள் 5 அல்லது 7. முடி தோளைத் தாண்டி ஒரு சாண் இருந்தால் போதும்.

படி 1: தலைக்குக் குளித்த மறுநாள் போடுங்கள். அன்றே குளித்த முடி வழுக்கும், ஊசி நிற்காது. சிஸிக்கு முட்டையும் கொன்யாக் மதுவும் கலந்து தலை அலசுவார்கள், அதற்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடும். நமக்கு இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் போதும்.

படி 2: நடு வகிடு எடுங்கள். இரண்டு காதுக்கும் முன்னால் இருக்கும் முடியைத் தனியாக ஒதுக்கிவிட்டு, மற்றதை உச்சிக்குச் சற்றுக் கீழே குதிரைவால் போடுங்கள்.

படி 3: குதிரைவாலை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தளர்வாகப் பின்னுங்கள். நுனியில் ரப்பர் பேண்ட் போட்ட பிறகு, பின்னலின் ஓரங்களைக் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து விடுங்கள். மெல்லிய முடியும் பருத்த சடையாகத் தெரியும்.

படி 4: அவசரப்படக் கூடாத இடம் இது. ஒரு பின்னலை வலப்பக்கமாகவும் மற்றதை இடப்பக்கமாகவும் குதிரைவாலின் அடியைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். கொண்டை ஊசியை நேராகக் குத்தினால் பத்து நிமிடத்தில் நழுவிவிடும். முதலில் வெளியோரத்து முடியை லேசாகக் கோத்து, அப்புறம் ஊசியைக் கொண்டையின் மையத்தை நோக்கித் திருப்பி உள்ளே தள்ளுங்கள். ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வு இருக்கட்டும். நான் முதல் முறை இறுக்கிச் சுற்றி, மாலைக்குள் தலைவலியோடு உட்கார்ந்துவிட்டேன். குதிகால்வரை வளர்ந்த தன் கூந்தலின் கனத்தால் சிஸிக்கும் தலைவலி உண்டு.

அவருடைய சிகையலங்காரப் பெண் ஃபான்னி ஃபைஃபாலிக், நாடக அரங்கில் நடிகைகளுக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தவர். தினமும் இரண்டு மூன்று மணி நேரம் சிஸியின் தலைமுடியோடு இருப்பார். அந்த நேரத்தை சிஸி வீணாக்கவில்லை. உட்கார்ந்தபடியே ஹங்கேரிய மொழியும் கிரேக்கமும் படித்தார். அந்த நாற்காலியையே படிப்பறையாக்கிக்கொண்ட பெண்ணை நினைத்தால் இன்றும் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. உங்களுக்கு முதல் தடவை முக்கால் மணி நேரமாவது ஆகும். பிடித்த ஏதாவது ஒன்றைக் கேட்டுக்கொண்டே செய்யுங்கள்.

படி 5: முன்னால் ஒதுக்கிய முடியைக் காதின் மேல்பாதி மறையும்படி பின்னால் கொண்டுபோய், லேசாக முறுக்கிக் கொண்டைக்கு அடியில் செருகுங்கள். ரப்பர் பேண்ட் வெளியே தெரிந்தால் இதை வைத்தே மறைத்துவிடலாம்.

படி 6: இனி நட்சத்திரங்கள். சிஸிக்கு இவற்றைச் செய்து கொடுத்தவர்களில் வியன்னா அரசவை நகை செய்பவரான கோஹெர்ட்டும் ஒருவர். வரிசையாகக் குத்த வேண்டாம். மேலே நெருக்கமாக இரண்டு, பக்கத்தில் ஒன்று, கீழே சற்றுத் தள்ளி மற்றவை என்று சிதறவிடுங்கள். பின்னலின் மடிப்புக்குள் ஊசி மறைய வேண்டும். கழுத்தில் எதுவும் போடாதீர்கள், தோடு மட்டும் போதும்.

சரி, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கையில் இன்னொரு சிறு கண்ணாடியை வைத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு பக்கம் தொங்கினால் அங்கே இன்னும் ஒரு ஊசி. கலைக்கும்போது முதலில் நட்சத்திரங்களை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் முடி சிக்கிக்கொள்ளும்.