மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஈர்ப்பை அறிவது எப்படி?

தண்ணீர் கொதிக்கும்போது எந்தப் பிணைப்பு அறுகிறது என்ற கேள்விக்கு விடை தெரியாமல் இந்தப் பாடத்தில் மேலே படிப்பதில் பயனில்லை. நீர் மூலக்கூறுக்குள் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் இணைக்கும் சகப்பிணைப்பை (அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்வதால் உண்டாகும் பிணைப்பை) அறுக்க மோலுக்கு ஏறத்தாழ 460 கிலோஜூல் ஆற்றல் தேவைப்படும். ஒரு மூலக்கூறை அடுத்த மூலக்கூறோடு சேர்க்கும் ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஏறத்தாழ 20 கிலோஜூலே போதும். கொதிக்கையில் விடுபடுவது இந்த இரண்டாவதுதான்; ஆவியும் நீராகவே இருப்பது அதனால்தான்.

இரண்டு சேர்மங்களின் கொதிநிலையை ஒப்பிட வேண்டுமானால், நைட்ரஜன், ஆக்சிஜன், புளூரின் ஆகியவற்றில் ஒன்றோடு நேரடியாகப் பிணைந்த ஹைட்ரஜன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; இருந்தால் ஹைட்ரஜன் பிணைப்பு உண்டாகிக் கொதிநிலை உயரும். எத்தனாலுக்கும் டைமெத்தில் ஈதருக்கும் மூலக்கூறு வாய்ப்பாடு ஒன்றுதான். ஆனால் அத்தகைய ஹைட்ரஜன் உள்ள எத்தனால் 78 டிகிரியிலும், அது இல்லாத ஈதர் மைனஸ் 24 டிகிரியிலும் கொதிக்கின்றன. அடுத்து, மூலக்கூறு முனைவுடையதா, அதாவது அதன் ஒரு பக்கம் சற்று நேர்மின்சுமையும் மறுபக்கம் சற்று எதிர்மின்சுமையும் கொண்டதா என்று பாருங்கள்; முனைவு ஈர்ப்பைக் கூட்டும்.

அதோடு நிறுத்திவிடக் கூடாது. முனைவு மிகுந்த ஹைட்ரஜன் குளோரைடு மைனஸ் 85 டிகிரியில் கொதிக்க, முனைவு குறைந்த ஹைட்ரஜன் அயோடைடு மைனஸ் 35 டிகிரி வரை திரவமாகவே நிற்கிறது. அயோடினின் பெரிய எலக்ட்ரான் முகில் எளிதில் உருக்குலைவதால் எழும் லண்டன் விசையே இதற்குக் காரணம். பாடநூல்கள் இவ்விசைக்கு இன்னும் கூடுதல் இடம் தர வேண்டும் என்பது என் கருத்து. வடிவமும் முக்கியம்: நீண்ட சங்கிலியான பென்டேன் 36 டிகிரியில் கொதிக்க, அதே அணுக்கள் உருண்டையாக அமைந்த நியோபென்டேன் 9.5 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரின் மே மாதப் பகலில் பென்டேன் அடுப்பில்லாமலே கொதிக்கும் (எளிதில் தீப்பற்றும் என்பதால் வீட்டில் சோதிக்க வேண்டாம்).

தனித்தனியே மெலிந்த ஈர்ப்புகள் பல சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வாணியம்பாடி, ஆம்பூர் பகுதியின் தோல் தொழிலில் சான்று உண்டு. ஆவாரம் பட்டையைத் தண்ணீரில் ஊறவைத்தால் இறங்கும் டானின் என்னும் துவர்ப்புப் பொருளில் ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் பிணைந்த பகுதிகள்) ஏராளம். அவை தோலின் கொலாஜன் புரதத்தைப் பல இடங்களில் ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்வதால் தோல் எளிதில் அழுகாது. ஆகவே பெரிய மூலக்கூறுகளில் ஒரு பிணைப்பின் வலிமையை மட்டும் பார்க்காமல், எத்தனை இடங்களில் பிணைப்பு உண்டாகிறது என்பதையும் எண்ண வேண்டும். குரோமியம் உப்பால் பதனிட்ட தோலில் இருப்பது அதைவிட வலிய ஈதல் சகப்பிணைப்பு (பகிரும் எலக்ட்ரான்கள் இரண்டையும் ஒரே அணு தரும் பிணைப்பு). நன்கு பதனிட்ட குரோம் தோல் கொதிநீரைத் தாங்கும். பட்டையால் பதனிட்ட தோல் அந்த வெப்பத்தை எட்டும் முன்பே சுருங்கிவிடும்.