ஓடுற கார் திடீரென்று நின்றுபோகிறதா? மின்கோளாறை நாமே பிடிக்கும் வழி

திண்டிவனம் தாண்டி, மே மாத மதியம். எண்பதில் போய்க்கொண்டிருந்த வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் அடங்கிவிட்டது. ஓரங்கட்டி செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. புளியமரத்தடியில் இருபது நிமிடம் நின்றுவிட்டுச் சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. அடுத்த இரண்டு மாதத்தில் பேட்டரி மாற்றினேன், பெட்ரோல் பம்ப் மாற்றினேன். வண்டி நிற்பது மட்டும் நிற்கவில்லை.

கடைசியில் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது டாஷ்போர்டில் இருந்த ஒரு முள். இரண்டு மாதமும் அது என் கண்ணெதிரேதான் இருந்தது. அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியதைப் பார்க்கப் பழகுங்கள். இங்கே சொல்வது சாதாரண பெட்ரோல் காருக்கு. ஹைப்ரிட், எலெக்ட்ரிக் வண்டி வைத்திருப்பவர்கள் ஆரஞ்சு நிற கேபிள் பக்கமே கை வைக்க வேண்டாம்.

ஓடும்போதே நின்றால்

ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். ஒரே அழுத்தாக அழுத்தி ஓரங்கட்டுங்கள். ஸ்டியரிங் கனக்கும், ஆனால் திரும்பும். வண்டி நிற்கும்வரை சாவியை உருவக் கூடாது, உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

படி 1: முதல் ஒரு நிமிடம்

திணறி, இழுவை குறைந்து, துடித்துத் துடித்து நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் வரத்தில் சிக்கல். ஸ்விட்சை அணைத்த மாதிரி பட்டென்று நின்றால் மின்சாரத்தைச் சந்தேகிக்கலாம்.

இப்போது சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்புங்கள். டாஷ்போர்டு மொத்தமும் இருட்டா? பேட்டரி டெர்மினல், மெயின் ஃபியூஸ், எர்த் (பேட்டரி நெகடிவை இன்ஜினோடும் பாடியோடும் இணைக்கும் வயர்), பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. மற்ற விளக்கெல்லாம் எரிந்து, செக் இன்ஜின் விளக்கு மட்டும் எரியவில்லையா? இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ.வுக்குப் பெரும்பாலும் கரண்ட் போகவில்லை. அதற்குக் கரண்டை விடும் சிறு ஸ்விட்சான மெயின் ரிலேயையும் அதன் ஃபியூஸையும் பாருங்கள். எல்லாம் எரிகிறதென்றால் பின் சீட்டுப் பக்கம் காதை வையுங்கள். பல கார்களில் இரண்டு விநாடிக்கு 'ம்ம்ம்' என்று பம்ப் சத்தம் கேட்கும். கேட்காவிட்டால் பம்ப், இல்லை அதன் ரிலே.

கடைசியாக ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி ஆர்.பி.எம். முள்ளைக் கவனியுங்கள். செல்ஃப் சுற்றும்போது பல கார்களில் அது 200 பக்கம் லேசாக எழும்பும். இன்ஜின் சுற்றியும் முள் பூஜ்யத்திலேயே படுத்துக்கிடந்தால் இன்ஜின் சுற்றுவதை ஈ.சி.யூ.வுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் சிக்னல் வரவில்லை என்று பலமாகச் சந்தேகிக்கலாம்.

எது எரிந்தது, எது கேட்டது என்பதை அங்கேயே போனில் குறித்துவையுங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டால் அந்தச் சாட்சியம் போய்விடும்.

படி 2: டெர்மினலைத் திருகிப் பாருங்கள்

பேட்டரி டெர்மினலைக் கையால் திருகினால் அசையக் கூடாது. அசைந்தால் 10 நம்பர் ஸ்பேனர் போதும். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் முதலில் நெகடிவ், அப்புறம் பாசிடிவ் என்று கழற்றி, சோடா உப்புக் கரைத்த வெந்நீர் விட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். மாட்டும்போது பாசிடிவ் முதலில்.

படி 3: மல்டிமீட்டர்

டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கக் கூடாது, ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியே பேட்டரியில் வைத்தால் நேரடி ஷார்ட்தான்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வந்தால் பேட்டரி நிறைவு. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் இல்லை. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஹெட்லைட், ஏ.சி. எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பாருங்கள், 12.5-க்கு வந்து மேலும் இறங்கிக்கொண்டே போனால் ஆல்டர்னேட்டர் (பட்டறையில் டைனமோ என்பார்கள்) ஒழுங்காகச் சார்ஜ் போடவில்லை, இதுவரை பேட்டரிதான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தது. புது மாடல்களில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். அதனால் ஓர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி டைனமோ செக் பண்ணுகிற பழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. உங்கள் வண்டியில் அதைச் செய்ய விடாதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் ஈ.சி.யூ.வையே எரித்துவிடக்கூடும்.

படி 4: எர்த்

பழைய வண்டியில் யாரும் கண்டுகொள்ளாத இடம் இதுதான். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகடிவிலும், சிவப்பை இன்ஜினின் சுத்தமான உலோகப் பகுதியிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அரை வோல்ட் காட்டினால் எர்த் வயர் உள்ளே அரித்துவிட்டது. மேலே உறை பளபளவென்று இருந்தாலும் நம்ப வேண்டாம். உறுதிப்படுத்த, ஜம்பர் கேபிளால் பேட்டரி நெகடிவையும் இன்ஜினையும் நேராக இணைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் சட்டென்று இறங்கினால் புது எர்த் வயர் போட்டால் போதும்.

படி 5: ரிலேயும் சாவி ஸ்விட்சும்

ஃபியூஸ் பெட்டியில் பம்ப் ரிலே மீது இருக்கும் அதே எண் ஹாரன் ரிலேயிலும் இருந்தால் இரண்டையும் மாற்றிப் போடுங்கள். பம்ப் ஓடி, ஹாரன் ஊமையானால் தீர்ப்பு வந்துவிட்டது, கெட்டது ரிலேதான்.

அடுத்து, இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது சாவியை லேசாக ஆட்டிப் பாருங்கள். நின்றால் இக்னிஷன் ஸ்விட்ச். இதை அற்பமாக நினைக்காதீர்கள்: 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இந்த ஸ்விட்சால்தான். சாவிக்கொத்தின் கனத்திலோ ஒரு குலுக்கலிலோ சாவி நழுவி, இன்ஜின் நின்று, ஏர்பேக்கும் விரியாமல் போனது. அந்த நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. வீட்டுச்சாவி, பீரோ சாவி, பிள்ளையார் பொம்மை எல்லாவற்றையும் கார் சாவியோடு கோக்காதீர்கள்.

படி 6: சூட்டில் மட்டும் வரும் கோளாறு

சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும் என்றால் முதல் சந்தேகம் கிராங்க் சென்சார் மேல். உள்ளே இருக்கும் நுண்ணிய சுருளோ சிப்போ சூட்டில் தொடர்பு விட்டுப்போகும். பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டி ஆறிவிடுவதால் மெக்கானிக்கிடம் நன்றாகவே ஓடிக்காட்டும். நமக்குத்தான் பொய்யன் பட்டம்.

ஈ.சி.யூ. பதிந்துவைத்த கோளாறு எண்ணை (கோட்) போனில் காட்டும் ப்ளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்று கையில் இருந்தால் நல்லது. பி 0335 என்றால் கிராங்க் சென்சார் சர்க்யூட், பி 0340 கேம் சென்சார், பி 0562 வோல்டேஜ் குறைவு. கோட் எதுவும் இல்லை என்பதால் சென்சார் நல்லது என்று ஆகிவிடாது. கோட் வந்தாலும் நேராகச் சென்சார் வாங்கப் போகாதீர்கள். அதற்கு வரும் வயர் பழுதானாலும் அதே கோட்தான் வரும். இன்ஜினை அணைத்துவிட்டு, சென்சாரில் வயர் செருகும் கப்ளரைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள். எண்ணெய், பச்சை, வளைந்த பின், உடைந்த லாக் எதுவும் இருக்கக் கூடாது. பிறகு வண்டி ஓடும்போது வயரிங்கை மெல்ல அசைத்துப் பாருங்கள். பெல்ட், ரேடியேட்டர் ஃபேன் பக்கம் கை போகக் கூடாது, ஃபேன் சொல்லாமல் சுற்ற ஆரம்பிக்கும். மஞ்சள் கப்ளர் ஏர்பேக்குக்கு உரியது, தொடவே வேண்டாம்.

என் வண்டியில் கோட் எதுவுமே வரவில்லை. மறுமுறை நின்றபோது செல்ஃப் அடித்தேன், முள் அசையவில்லை. ஈரத் துணியைச் சென்சார் மேல் பத்து நிமிடம் போட்டுவைத்துவிட்டு மறுபடி அடித்தேன், முள் எழும்பியது, இன்ஜின் பிடித்தது. புது சென்சார் மாட்ட ஒரே ஒரு போல்ட்டுதான். மாற்றிய பழைய பெட்ரோல் பம்ப் இன்னும் டிக்கியில் கிடக்கிறது. அது நன்றாகத்தான் இருக்கிறது.