முகத்தைக் கடைசியில் பாருங்கள்: செடான் டிசைன் பார்க்கப் பழகுவோம்

ஷோரூமில் காரைக் கொஞ்சம் சாய்வாக, முகம் வாசலைப் பார்க்கும்படிதான் நிறுத்தி வைப்பார்கள். உள்ளே கால் வைத்ததுமே கிரில்லும் விளக்கும் கண்ணில் படும். பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும். ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் ஃபேஸ்லிஃப்ட் (அதே மாடலுக்கு நடுவில் செய்யும் சின்ன ஒப்பனை) என்று ஒன்று வந்தால் மாறப்போவது அந்த முகம்தான். கூரையும் கதவும் ஜன்னலும் அடுத்த தலைமுறை வரும்வரை பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆகவே மாறாததை முதலில் பார்ப்போம், முகத்துக்குக் கடைசியில் வருவோம்.

பயிற்சிக்கு 2023 மார்ச்சில் வந்த ஹூண்டாய் வெர்னாவை எடுத்துக்கொள்கிறேன். சென்னைக்குப் பக்கத்தில் ஶ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தயாராகிற கார். பார்த்ததும் பிடித்தவர்களும் உண்டு, முகம் சுளித்தவர்களும் உண்டு. பழகுவதற்கு அப்படிப்பட்ட கார்தான் நல்லது. ஒப்பிட்டுப் பார்க்க ஹோண்டா சிட்டி, ஸ்கோடா ஸ்லாவியா, மாருதி டிசையர். எல்லாமே செடான், அதாவது பின்னால் டிக்கி தனியாக நீண்டிருக்கும் கார்.

படி 1: பக்கவாட்டில் ஒரு போட்டோ

இதை ஷோரூமில் செய்ய இடம் போதாது. பார்க்கிங்கில் நிற்கும் காரைப் பிடியுங்கள். ஏழெட்டு மீட்டர் தள்ளிப் போய், கதவுக் கைப்பிடி உயரத்துக்குக் குனிந்து, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். கிட்டே நின்று எடுத்தால் போன் லென்ஸ் நடுப்பகுதியை ஊதிக் காட்டும். அளவு பார்க்க அந்தப் படம் உதவாது.

இப்போது ஒரு துண்டுக் காகிதத்தில் சக்கரத்தின் அகலத்தை டயரோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் அந்தக் காகிதம் எத்தனை தடவை அடங்குகிறது? சுமார் மூன்று என்றால் கண்ணுக்குச் சரியாக உட்காரும். வெர்னாவின் வீல்பேஸ், அதாவது முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம்வரை உள்ள தூரம், 2670 மி.மீ. 16 அங்குலச் சக்கரத்தில் 205/55 டயர் என்றால் விட்டம் ஏறக்குறைய 632 மி.மீ. வீல்பேஸில் ஒரு விட்டத்தைக் கழித்தால் கிடைப்பதுதான் வெற்றிடம்; அதை விட்டத்தால் வகுத்தால் மூன்றுக்குச் சற்று மேலே வரும். 2450 மி.மீ. வீல்பேஸ் உள்ள டிசையரில் மூன்றுக்குக் கொஞ்சம் குறையும்.

அடுத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. 2020இல் வந்த சிட்டியின் மொத்த நீளம் 4549 மி.மீ., வெர்னா 4535. ஆனால் சிட்டியின் வீல்பேஸ் 2600தான். ஆக, சிட்டியில் மூக்கும் வாலுமாகச் சேர்ந்து 84 மி.மீ. அதிகம். மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்தது போன்ற பழைய செடான் தோற்றம் சிட்டியில் இன்னும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெர்னாவில் கூரை பின்பக்கம் வழிந்து டிக்கியோடு கலந்துவிடுகிறது. எங்கே கூரை முடிகிறது, எங்கே டிக்கி தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டுவது கஷ்டம்.

டிசையரின் வால் தனிக் கதை. 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன இன்ஜின் கார்களுக்கு வரி குறைந்தது. 2008இல் வந்த முதல் டிசையரின் நீளம் 4160 மி.மீ. 2012இல் வந்த அடுத்த டிசையர் 3995. வெட்டு விழுந்தது பின்னால்தான். டிக்கி வெட்டி ஒட்டினது போல இருந்தது என்று அப்போது எல்லோரும் கிண்டல் செய்தோம். அந்த மொட்டை வாலை வரைந்தது டிசைனர் என்பதைவிட வரிச்சட்டம் என்பதே சரி. 2024 டிசையரும் அதே 3995தான். ஆனால் டிக்கி மூடியின் விளிம்பைச் சற்றுத் தூக்கி முடித்திருக்கிறார்கள்; கண் அந்த விளிம்புவரை ஓடி நிற்கிறது, குட்டையாக இருப்பது அவ்வளவு தெரியவில்லை.

படி 2: டியூப்லைட் பரிசோதனை

ஷோரூம் கூரையிலிருக்கும் நீள விளக்கு ஒன்றின் பிம்பம் கார்க் கதவில் விழும். அதை மட்டும் பார்த்தபடி முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம்வரை மெதுவாக நடங்கள். பிம்பம் வழுக்கிக்கொண்டு போனால் அங்கே தகடு மென்மையாக வளைகிறது. சட்டென்று உடைந்தால் அங்கே மடிப்பு. சிட்டியில் முன் விளக்கிலிருந்து பின் விளக்குவரை ஒரே தோள் கோடு, அதாவது ஜன்னலுக்குக் கீழே நீளமாக ஓடும் மடிப்பு. பிம்பம் அதிகம் அலையாது. வெர்னாவின் கதவுகளில் அது பலமுறை முறியும். எனக்கு அமைதியான கோடுதான் பிடிக்கும். இது ரசனை, தீர்ப்பு இல்லை.

கோடு முன் கதவிலிருந்து பின் கதவுக்குத் தாண்டும் இடத்தில் கண்ணைக் கிட்டே கொண்டுபோங்கள். மேலும் கீழுமாக ஒரு நூல் அளவு பிசகினாலும் அங்கே தெரிந்துவிடும். நிறத்தையும் கவனியுங்கள். வெள்ளை, மடிப்புகளைப் பாதி விழுங்கிவிடும். சாம்பல் நிறமும் வெள்ளியும் அவற்றை அப்படியே காட்டும். விளம்பரத்தில் சாம்பல் காரைப் பார்த்து மயங்கி, வெள்ளையை புக் செய்தால் வீட்டுக்கு வருவது வேறு கார் போலத்தான் தோன்றும்.

படி 3: பின்பக்கமும் முகமும்

டிக்கியைத் திறங்கள். வெர்னாவில் 528 லிட்டர், சிட்டியில் 506, ஸ்லாவியாவில் 521. லிட்டரைவிட வாய் எவ்வளவு அகலம், விளிம்பு எவ்வளவு உயரம் என்பதுதான் ஊருக்குப் போகும்போது முக்கியம். மூடியைத் தாங்கும் வளைந்த கம்பி உள்ளே இறங்கிப் பெட்டியை நசுக்குகிறதா என்றும் மூடிப் பாருங்கள்.

சரி, இப்போது முகம். வெர்னாவில் பானட் விளிம்பு முழுக்க ஒரு எல்இடி கோடு. 2021இல் ஸ்டாரியா வேனிலும் 2022இல் கொரியாவின் கிராண்டியர் காரிலும் ஹூண்டாய் வைத்த அதே யோசனை. ராத்திரியில் அரைக் கிலோமீட்டர் தள்ளியே இது வெர்னா என்று தெரியும். ஆனால் பகலில் விளக்கு அணைந்திருக்கும்போது பாருங்கள், அகலமான நெற்றிதான் மிஞ்சுகிறது. நிஜமான ஹெட்லைட் அதற்குக் கீழே, பம்பர் மூலையில் உட்கார்ந்திருக்கிறது. நெருக்கடியான தெருவில் மூலை உரசினால் பம்பரோடு விளக்கும் அடிவாங்கலாம். அதன் விலையைப் பாகங்கள் கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

படி 4: உள்ளே உட்காருங்கள்

முதலில் சீட்டை உங்கள் உயரத்துக்குச் சரிசெய்யுங்கள். அப்புறம்தான் டேஷ்போர்டைப் பார்க்க வேண்டும். வெர்னாவின் உயர் வேரியன்ட்டில் மீட்டர் திரையும் 10.25 அங்குலத் தொடுதிரையும் ஒரே பலகையாக இணைந்திருக்கும். அதற்குக் கீழே ஒரு தந்திரம்: ஒரே பட்டன் வரிசை ஏசிக்கும் பாட்டுக்கும் மாறி மாறி வேலை செய்யும். பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஓட்டும்போது சத்தத்தைக் குறைக்கத் திருகினால் ஏசி குறையக்கூடும். கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டே ஐந்து தடவை மாற்றிப் பழகிப் பாருங்கள், ஒத்துவருகிறதா என்று தெரிந்துவிடும்.

பெய்ஜ் நிறத்தில் உள்ளே விசாலமாகத் தெரியும். அப்படிப்பட்ட கார்களிலும் டேஷ்போர்டின் மேல்புறத்தைக் கருப்பாகவே விடுவார்கள். வெளிர் நிறமாக இருந்தால் வெயிலில் முன் கண்ணாடியில் பிரதிபலித்துக் கண் கூசும். சீட் விஷயம் வேறு. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிற வீட்டில் பெய்ஜ் ஹெட்ரெஸ்ட் எத்தனை மாதம் தாங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கியர் பக்கத்தில் பளபளக்கும் கருப்பு பிளாஸ்டிக்கில் விரலை வைத்து எடுங்கள். ரேகை தெரிகிறதா? தினமும் தெரியும்.

படி 5: பின் சீட்டுக்குப் பெரியவர் ஒருவரை ஏற்றுங்கள்

வழியும் கூரைக்கான விலை இங்கேதான். வெர்னாவின் உயரம் 1475 மி.மீ., ஸ்லாவியா 1507. சேலை கட்டிய அம்மாவோ, முழங்கால் வலிக்கிற அப்பாவோ ஏறி இறங்கட்டும். தலையை எவ்வளவு தாழ்த்துகிறார்கள், கை எதைப் பிடிக்கிறது என்று மட்டும் பாருங்கள். குழந்தை உட்கார்ந்தால் ஜன்னல் விளிம்பு கண்ணுக்கு மேலே போகிறதா என்பதும் முக்கியம். பின்பக்கம் ஏறிச் செல்லும் ஜன்னல் கோடு வெளியே எடுப்பாக இருக்கும், உள்ளே இருக்கும் பிள்ளைக்குக் கதவுதான் தெரியும். நடுவில் உட்காருகிறவருக்குத் தரையில் உள்ள மேடு எவ்வளவு தடுக்கிறது என்று ஒரு தடவை காலை வைத்தே பார்த்துவிடுங்கள்.

படி 6: ஆக்சஸரி பட்டியலில் கோடு போடுங்கள்

கொட்டேஷனோடு ஒரு பட்டியல் நீட்டுவார்கள்: குரோம் பட்டை, டோர் வைசர் (ஜன்னலுக்கு மேலே ஒட்டும் மழைத் தடுப்பு), சீட் கவர், சில இடங்களில் பம்பர் கார்டும் (பம்பருக்கு முன்னால் மாட்டும் கம்பிச் சட்டம்). குரோம் உங்கள் விருப்பம்; நான் இருந்தால் வேண்டாம் என்பேன், படி 2இல் பார்த்த கோட்டின் குறுக்கே அது ஓடும். பம்பர் கார்டைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடுங்கள். மோதலின் விசை உடலுக்குள் போகும் விதத்தை அது மாற்றும், ஏர்பேக் சென்சாரையும் குழப்பலாம். மத்திய அரசும் 2017இலேயே அதைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. சீட் கவர் வேண்டுமென்றால் முன் சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் என்ற சிறு லேபிள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அந்த இடத்தில் விரிவதற்கு வழிவிட்டுத் தைத்த கவர்தானா என்று தையலைக் கையால் தடவிப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.