ஓவியரின் முதல் இணையதளம்: கட்டும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

விற்ற ஓவியம் வீட்டை விட்டுப் போய்விடும். வாங்கியவர் வீட்டுக் கூடத்தில் தொங்கும், அவர் ஊர் மாறினால் அதுவும் கூடவே போகும். பத்து வருடம் கழித்து “அந்த நீலத் தொடரைக் கொஞ்சம் காட்டுங்களேன்” என்று ஒருவர் கேட்டால், நம் கையில் மிஞ்சியிருப்பது அதன் படமும் நாலு வரிக் குறிப்பும்தான். ஓவியருக்கு இணையதளம் எதற்கு என்று கேட்கிற இளைஞர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். பிரிந்துபோன வேலைகள் எல்லாம் ஒன்றாக இருக்கக்கூடிய இடம் அது. இன்ஸ்டாகிராமில் போடுங்கள், நல்லதுதான். ஆனால் நாலு வருடம் முந்தைய ஓவியத்தை அங்கே தேட வேண்டுமென்றால் விரல் ஓய்ந்துவிடும்.

அப்படி ஒரு இடத்தைக் கட்டும்போது எங்கே சறுக்குகிறோம்? நான் பார்த்தவரை வடிவமைப்பில் ஆகிற தவறுகள் குறைவு. அதற்கு முந்தைய வேலைகளில்தான் அதிகம்.

பெயர் யார் பேரில் இருக்கிறது?

என் முதல் தளத்தை ஒரு சின்ன நிறுவனத்திடம் ஒப்படைத்தேன். டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், வாங்கியது அவர்கள். தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் ஹோஸ்டிங்கும் அவர்கள் கணக்கில். மூன்று வருடம் நன்றாக ஓடியது. நான்காம் வருடம் அவர்கள் தொழிலை மூடிவிட்டார்கள். புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் எல்லாம் அவர்கள் முகவரிக்குப் போயிருக்கின்றன. “சார், உங்க சைட் திறக்கலையே” என்று கண்காட்சி நடத்துகிற ஒருவர் போன் செய்தபோதுதான் எனக்கே தெரியும். விசிட்டிங் கார்டிலும் கண்காட்சிக் கையேட்டிலும் அச்சடித்த அந்தப் பெயர் இன்று வேறு யாரிடமோ இருக்கிறது.

தளத்தை யார் வேண்டுமானாலும் கட்டிக்கொடுக்கட்டும். டொமைனை மட்டும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் எண்ணில் நீங்களே பதிவு செய்யுங்கள். கால் மணி நேர வேலை. இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பதிவுக்குக் கொடுக்கிற மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் சேர்ந்து நின்றுபோகும், எச்சரிக்கை வந்ததே தெரியாது. டாட் காம் பெயராக இருந்தால், பதிவிலிருந்து நீக்கிய பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் மீட்பதற்கு, சாதாரணமாகப் புதுப்பிக்க ஆவதைவிடப் பல மடங்கு பணம் கேட்பார்கள்.

பெயரின் எழுத்துக்கூட்டல் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத நாலு வழி இருக்கும். கேன்வாஸில் கையெழுத்திடும் எழுத்துகளும் டொமைனில் இருக்கும் எழுத்துகளும் ஒன்றாக இருக்கட்டும். டாட் இந்தியா என்று முழுக்கத் தமிழிலேயே பெயர் வாங்க முடியும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதை இரண்டாவது வாசலாக வைத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்காமல் தளம் இல்லை

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு இது. ஆறு மாதம் உழைத்து வரைந்த ஓவியத்தை, டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்து வைத்து, போனில் ஒரே ஒரு கிளிக். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம் நீலமாக விழும், விளக்கு இன்னொரு பக்கம் மஞ்சளாக விழும். நீங்கள் கலந்த நிறம் இரண்டிலும் இருக்காது.

முதலில், கண்ணாடி போட்டு ஃப்ரேம் அடிப்பதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். கண்ணாடி வந்துவிட்டால் படத்தில் உங்கள் சட்டையும் தெரியும், எதிர்ச் சுவரும் தெரியும். நேரடி வெயில் படாத தாழ்வாரம், காலை ஒன்பது, பத்து மணி, அறை விளக்குகள் எல்லாம் அணைந்திருக்கட்டும். ஓவியத்தைச் சுவரோடு நிமிர்த்தி மாட்டுங்கள். கேமராவின் உயரம் ஓவியத்தின் நடுப்புள்ளிக்கு நேராக இருக்க வேண்டும். மேலிருந்து குனிந்து எடுத்தால் கீழ்ப்பக்கம் குறுகி, செவ்வகம் சரிவகமாகிவிடும். போன் என்றால் பக்கத்தில் போய் நிற்காமல், இரண்டடி பின்வாங்கி, இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். கிட்டப் போனால் விளிம்புகள் வளையும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். எண்ணெய் வண்ணத்தின் பளபளப்பில் வெள்ளைத் திட்டு விழும். தஞ்சாவூர் ஓவியம் வரைகிறவர்களுக்கு இன்னும் கஷ்டம். தங்க ரேக்கு நேர் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும், வெளிச்சமே படாவிட்டால் கறுத்துவிடும். ஒரு பக்கமிருந்து ஒரு பெரிய வெள்ளைத் துணியில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் வந்தால் தங்கம் தங்கமாகத் தெரியும். கை சலிக்காமல் துணியை நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். ஓரிடத்தில் அப்படியே உயிர் வந்துவிடும்.

முழு ஓவியம் ஒன்று, தூரிகை ஓட்டம் தெரிகிற கிட்டத்துப் படம் ஒன்று, சுவரில் மாட்டிய படம் ஒன்று. மூன்றும் இருந்தால் பார்ப்பவருக்கு ஓவியத்தின் அளவும் மேற்பரப்பும் புரியும்.

அப்புறம் கோப்பின் அளவு. 12 மெகாபிக்சல் போனில் எடுத்த படம் 4000க்கு 3000 பிக்சல், நாலு எம்பி வரை இருக்கும். அப்படியே முப்பது ஏற்றினால் 120 எம்பி. பஸ்ஸில் உட்கார்ந்து போனில் பார்க்கிறவர் மூன்றாவது ஓவியத்துக்கு முன்பே மூடிவிடுவார். நீளமான பக்கம் 2000 பிக்சல், கோப்பு 500 கேபிக்குள் என்று சுருக்கி ஏற்றுங்கள். அங்குலத்துக்கு எத்தனை புள்ளி, 72 டிபிஐயா 300 டிபிஐயா என்று குழம்ப வேண்டாம், திரைக்குப் பிக்சல் மட்டும்தான் கணக்கு. அச்சகத்திலிருந்து வாங்கிய கேட்டலாக் கோப்புகளை அப்படியே போடாதீர்கள். அவை அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறத்தில் இருக்கும், திரையில் நிறம் மாறித் தெரியலாம். திரைக்கான எஸ்ஆர்ஜிபி நிறத்துக்கு மாற்றிய பிறகு ஏற்றுங்கள். பெரிய மூலக் கோப்பைத் தனியாக இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள், ஓவியம் விற்றுப்போனால் திரும்ப எடுக்க முடியாது.

ஓவியத்தின் கீழே ஒரு வரி

தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு. இந்த நாலும் இல்லாத ஓவியத்தைக் கேலரிக்காரர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். அளவில் உயரத்தை முதலில் எழுதுவது பொதுவான வழக்கம். 24 × 36 அங்குலம் என்றால் படுக்கை ஓவியம். மாற்றி எழுதிவிட்டு, சுவரில் இடம் அளந்து வைத்துக் காத்திருந்தவரிடம் மன்னிப்புக் கேட்ட நண்பர் எனக்கு உண்டு. ஃப்ரேமைச் சேர்க்காமல் அளந்து எழுதுங்கள்.

கேட்டு வரைந்த உருவப்படங்களை ஏற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். இந்தியாவின் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 17ஆவது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்தின் முதல் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்கே. நீங்களாக வரைந்து பின்னால் விற்ற ஓவியத்துக்கு இது பொருந்தாது. எழுத்தில் எழுதிக் கொடுக்காதவரை அதன் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும், வாங்கியவருக்குக் கேன்வாஸ்தான் சொந்தம். ஆகவே ஆர்டர் எடுக்கும்போதே “என் தளத்தில் வெளியிடுவேன்” என்று ஒரு வரி எழுதி கையெழுத்து வாங்கிவிடுங்கள். தாத்தாவின் படத்தை ஊருக்குக் காட்டுவதில் குடும்பத்துக்கு விருப்பம் இருக்கிறதா என்று கேட்பது, சட்டம் இல்லாவிட்டாலும் நாம் செய்ய வேண்டியது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய அழைப்பிதழ், கையேட்டு வாசகங்கள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவையாக இருக்கும். வெட்டி ஒட்டினால் தளத்தில் தமிழே இருக்காது, ஆங்கில எழுத்துக் குப்பைதான் இருக்கும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றிய பின் போடுங்கள். மாற்றச் சோம்பல்பட்டு வாசகத்தையே படமாக ஒட்டுகிறவர்களும் உண்டு. அதைக் கூகுளிலும் தேடி எடுக்க முடியாது, பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பானும் படிக்காது.

தன்னைப் பற்றிய பக்கத்தில் கவிதை வேண்டாம். எங்கே படித்தீர்கள், எந்த ஆண்டு எந்தக் கண்காட்சி, இப்போது எதை வரைகிறீர்கள் என்று இருந்தால் போதும். சென்னை கவின் கலைக் கல்லூரியா, கும்பகோணமா என்பதை மறக்காமல் எழுதுங்கள், தெரிந்தவர்கள் அதை வைத்துத்தான் உங்களைக் கண்டுகொள்வார்கள். நுழைந்ததும் ஓடுகிற அனிமேஷன், தானே பாடுகிற இசை, இரண்டும் வேண்டாம். ஒருகாலத்தில் பல ஓவியர்கள் முழுத் தளத்தையும் ஃப்ளாஷ் என்ற அனிமேஷன் மென்பொருளில் கட்டினார்கள். 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடோபி அதன் ஆதரவை நிறுத்திக்கொண்டது, அந்தத் தளங்கள் திறக்காமல் போயின.

கடைசியாகத் தொடர்புப் பக்கம். படிவம் மட்டும் வைத்தால் அதில் வருகிற கடிதம் ஸ்பாமில் விழக்கூடும். மின்னஞ்சலையும் வாட்ஸ்அப் எண்ணையும் எழுத்திலேயே கொடுங்கள். மாதம் பிறந்ததும் வேறொருவர் போனிலிருந்து உங்கள் படிவத்தில் ஒரு வரி அனுப்பி, அது உங்களுக்கு வந்து சேர்கிறதா என்று பாருங்கள்.